சுரங்க நஞ்சும் மண்ணின் கண்காணாக் குடிகளும்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், செவில் மாநகருக்கு மேற்கே, அஸ்னால்கோயார் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரை அடுத்த பாறைகளில் நாகமும் ஈயமும் செம்பும் கந்தகத்தோடு கலந்து கிடக்கின்றன. அப்பாறைகளை அகழ்ந்து அரைத்து, வேண்டும் உலோகத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் சேற்றையும் அமில நீரையும் தேக்கி வைப்பதற்குச் சுரங்கத்தார் பெரியதோர் அணை அமைத்திருந்தனர். 1998ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 25ஆம் நாள், விடியுமுன், அவ்வணையின் அடிநிலம் வழுக்கியது, கரை பிளந்தது. ஏறத்தாழ 50 இலட்சம் கனமீற்றர் அளவான கருஞ்சேறும் அமில நீரும் முதலில் அகிரியோ என்னும் சிற்றாற்றிலும், அதன் வழியே குவாதியாமார் ஆற்றிலும் பாய்ந்து, இருகரையும் கடந்து வயல்களிற் பரவின.

அந்த ஆற்றின் தாழ்நிலத்திலேதான் தொன்யானா என்னும் பெயர்பெற்ற சதுப்பு நிலம் இருக்கின்றது. இலட்சக்கணக்கான பறவைகள் தங்கிச் செல்லும் அந்நிலத்தை 1969இல் தேசிய வனமாகவும், 1994இல் உலக மரபுச் செல்வமாகவும் அறிவித்திருந்தனர். அவசரமாக எழுப்பிய மண்ணணைகள் நச்சு நீரின் பெரும்பகுதியை அவ்வனத்துட் புகாது தடுத்துவிட்டன. ஆயினும் ஆற்றங்கரையின் பயிர்நிலங்களைக் காப்பார் இல்லை. 4,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைச் சேறு மூடிற்று. ஆற்றில் 30 தொன்னுக்கு மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. முதல்நாள் மாலை வரை பயிர் நின்ற வயல்களில், மறுநாட் காலை கறுத்த சேற்றையன்றி வேறொன்றையும் காண இயலவில்லை.

அரசினர் வாளாவிருக்கவில்லை. மாரி தொடங்குமுன் சேற்றை அகற்றிவிட வேண்டுமென்று பல இயந்திரங்களையும் பாரவண்டிகளையும் ஈடுபடுத்தினர். சேற்றோடு மேல்மண்ணையும் சுரண்டியெடுத்து, பழைய சுரங்கக் குழியிற் கொட்டினர். அவ்வாண்டின் இறுதிக்குள் பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டிலும் அப்பணி தொடர்ந்தது. வழிச்செல்வோன் ஒருவன் அப்போது அந்நிலத்தைப் பார்த்திருப்பானாகில், "மண் வெளுத்துவிட்டது, இனி விதைக்கலாம்" என்றே கூறியிருப்பான்.

ஆனால் அந்நிலம் பிழைத்துவிட்டதா? இவ்வினாவுக்கு விடை கூறவல்லார் அந்த மண்ணின் மேல் நிற்பவர் அல்லர். மண்ணின் உள்ளே வாழ்பவர். அவர் யாவர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வளமான தோட்டமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு அது புழுதியே. நுணுக்குக் காட்டிக்கோ அது ஒரு மாநகரம். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பற்றீரியங்கள் உள்ளன. அவற்றோடு நூல்போலப் படரும் பங்கசுகளும், பற்றீரியங்களை உண்டு வாழும் ஓரணு உயிர்களும் கூடி வாழ்கின்றன. இவற்றையெல்லாம் நுண்ணங்கிகள் என்ற பொதுப்பெயரால் வழங்குவர். புதுமழை பெய்தவுடன் மண்ணிலிருந்து எழும் மணத்துக்கும் இக்குடிகளுள் ஒரு பிரிவே காரணம்.

இக்குடிகள் சும்மா இருந்து உண்பன அல்ல. உதிர்ந்த இலையையும், பட்ட வேரையும், இறந்த புழுவையும் சிதைத்து மீண்டும் பயிருக்கு உணவாக்குவது இவற்றின் முதற்பணி. சிதைவில் தோன்றும் அமோனியாவை நைத்திரேற்று என்னும் உப்பாக மாற்றுவது மற்றொரு பணி. இதனைப் பெரும்பாலும் ஒரே பற்றீரியம் செய்து முடிப்பதில்லை. ஒரு கூட்டம் பாதி வேலையைச் செய்ய, மற்றொரு கூட்டம் மீதியை முடிக்கின்றது. இவ்வுண்மையை 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் வெளிப்படுத்தினார். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டுவது மூன்றாவது பணி. பயறும் உழுந்தும் போன்ற அவரையினப் பயிர்களின் வேரிற் காணப்படும் சிறு கணுக்களே இப்பணி நடைபெறும் பட்டறைகள். சணலை விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது புதைக்கும் கமக்காரன், அப்பயிரின் வேரிற் குடியிருந்த பற்றீரியங்களின் உழைப்பையே தன் நிலத்துக்குச் சேர்க்கின்றான். இனி, வேரைச் சூழ்ந்து வாழும் பங்கசுகள், வேர் எட்டாத இடுக்குகளிலிருந்து நீரையும் பொசுபரசையும் கொணர்ந்து மரத்துக்குக் கொடுத்து, அதற்குக் கைம்மாறாக மரத்திடமிருந்து வெல்லத்தைப் பெறுகின்றன. இத்தகைய கொடுக்கல் வாங்கல்கள் நடைபெறும் வரையிலேதான் மண் மண்ணாக இருக்கின்றது. அவை நின்றுவிடின் எஞ்சுவது வெறும் பாறைத்தூளே.

இவ்வாறு வாழும் குடிகளிடையே சுரங்கக் கழிவு புகும்போது நிகழ்வது யாது?

அஸ்னால்கோயார்ச் சேற்றின் பெரும்பகுதி பைரைற்று என்னும் தாதுப்பொருளாகும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த இத்தாது, பொன்போல மின்னுவதால், பேதையர் பொன் என்றும் பெயர்பெறும். நிலத்தின் ஆழத்தில், காற்றுப் படாத இடத்தில், அது கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒருவருக்கும் தீங்கு செய்யாது கிடந்தது. அதனை மேலே கொணர்ந்து மாவாக அரைத்துக் காற்றும் நீரும் படும்படி பரப்பியவன் மனிதன். காற்றும் நீரும் பட்டவுடன் பைரைற்று மெல்லத் துருவேறத் தொடங்குகின்றது. அதன் கந்தகம் சல்பூரிக்கமிலமாக மாறுகின்றது. அந்த அமிலம் அயலிலுள்ள நாகத்தையும் கட்மியத்தையும் செம்பையும் கரைத்து நீரோடு அனுப்புகின்றது.

இங்கே வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்த அமில உற்பத்தியிலும் நுண்ணங்கிகளுக்குப் பங்கு இருக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கு வேர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து செந்நிற அமில நீர் வழிந்து ஓடைகளைப் பாழாக்கி வந்தது. அதனை ஆராய்ந்த கோல்மர், ஹிங்கில் என்னும் இருவர், அந்நீரில் வாழும் பற்றீரியங்கள் இரும்பை ஒட்சியேற்றுவதால் அமில ஆக்கத்தில் அவற்றுக்குப் பங்குண்டு என்று 1947இல் எடுத்துக் காட்டினர். இரும்பை ஒட்சியேற்றுவதால் வரும் சத்தியே இப்பற்றீரியங்களின் உணவு. அமிலமே இவற்றின் வீடு. இவற்றின் துணையால் அந்த இரசாயன மாற்றத்தின் முக்கியமான படி பத்து இலட்சம் மடங்குக்கு மேல் விரைவுபெறக்கூடும் என்பதை சிங்கர், ஸ்ரும் என்னும் அறிஞர்கள் 1970இல் அறிவித்தனர்.

ஆகவே, சுரங்கச் சேறு பரவிய நிலத்தில் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நடைபெறுகின்றன. இலையைச் சிதைத்தும் நைதரசனை ஊட்டியும் நிலத்தை வாழவைத்த பழங்குடிகள் அமிலத்தால் மாளுகின்றன. அமிலத்தை விரும்பும் புதுக்குடிகள் பெருகி, மேலும் அமிலத்தை உண்டாக்குகின்றன. ஊரில் உழுவாரும் நெய்வாரும் ஒழிந்து, தீ மூட்டுவார் மட்டும் பெருகினால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தீ மூட்டுவாரைக் கொடியவர் என்று பழிப்பதிலும் பயனில்லை. அவை தம் இயல்பின்படி வாழ்கின்றன. கதவைத் திறந்துவிட்டவன் மனிதனே.

அமிலம் ஒரு பகை. பார உலோகங்கள் மற்றொரு பகை. நாகமும் செம்பும் சிற்றளவில் உயிர்களுக்கு வேண்டியனவே. அளவு மிஞ்சியபோது அவை உயிரணுவினுட் புகுந்து, அதன் வேலைகளை நடத்தும் நொதியங்களைப் பற்றிக்கொண்டு, செயலற்றனவாக்கி விடுகின்றன. கட்மியமும் ஈயமுமோ எவ்வளவிலும் நுண்ணங்கிகளுக்குப் பெரும்பாலும் பயனற்றவை. எண்ணெயோ சாயமோ மண்ணிற் சிந்தினால், காலப்போக்கில் ஏதாவதொரு பற்றீரியம் அதனைத் தின்று சிதைத்துவிடும். உலோகத்தை அவ்வாறு சிதைக்க எவ்வுயிராலும் இயலாது. அது உருமாறலாம், இடம்பெயரலாம், மண்ணோடு இறுகிக் கிடக்கலாம், அழிவதில்லை.

பென்சில்வேனியாவிலுள்ள பால்மர்ற்றன் நகரம் இதற்குக் கண்கூடான சான்றாகும். சுரங்கத்திலிருந்து வரும் நாகத் தாதுவை உருக்கும் ஆலை அங்கே 1898 முதல் 1980 வரை இயங்கிற்று. அதன் புகைபோக்கிகளிலிருந்து வெளிப்பட்ட கந்தகப் புகையும் நாகத் தூளும் கட்மியத் தூளும் எதிரேயுள்ள நீலமலைச் சரிவிற் படிந்தன. ஏறத்தாழ 2,000 ஏக்கர்க் காடு பட்டுப்போயிற்று. மரம் படுவது புதுமையன்று. பட்ட மரம் மக்காமற் கிடந்ததே புதுமை. அடியற்று வீழ்ந்த மரங்கள் பல்லாண்டுகளாகியும் உளுத்துப்போகவில்லை. உயிரோடு எஞ்சிய காட்டிலும், ஆலைக்கு அண்மையில் உதிர்ந்த சருகுகள் சிதையாமல் அடுக்கடுக்காகக் குவிந்திருந்தன. ஜோர்டன், லெச்சவாலியர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அந்த மண்ணை ஆராய்ந்து, ஆலையை நெருங்க நெருங்கப் பற்றீரியங்களும் பங்கசுகளும் தொகையிற் குறைந்திருத்தலை 1975இல் வெளியிட்டனர். சருகு கிடக்கின்றது, அதனை உரமாக்குவார் இல்லை. களஞ்சியம் நிறைய நெல்லிருந்தும் குற்றவும் சமைக்கவும் ஆளில்லாத வீட்டின் நிலை அது. உணவு குவிந்திருக்க, புதுக்கன்றுகள் பட்டினியால் வாடின.

பால்மர்ற்றனின் மொட்டை மலையைக் கண்ணுள்ளோர் யாவரும் காண்பர். கண்ணிற்படாத தீங்கு அதனினும் பெரிது என்பதை இங்கிலாந்தின் வோபேண் பண்ணையில் நடைபெற்ற ஒரு பரிசோதனை உணர்த்துகின்றது. அது சுரங்கத்தால் விளைந்தது அன்று. இலண்டனின் மேற்குப் பகுதியிலிருந்து பெற்ற கழிவுநீர்ச் சேற்றை, நல்லுரம் என்று கருதி, 1942 முதல் 1961 வரை அப்பண்ணையிலுள்ள சில பாத்திகளுக்கு இட்டனர். சேற்றில் நாகம், செம்பு, கட்மியம் முதலிய உலோகங்கள் கலந்திருந்தன. சேறிடுவதை நிறுத்தி இருபதாண்டுகள் கழிந்த பின் ரொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தார் அம்மண்ணைச் சோதித்தனர். உலோகம் கலந்த பாத்திகளில், வாழும் நுண்ணங்கிகளின் மொத்த நிறை, தூய பாத்திகளில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது.

இன்னும் நுணுகிப் பார்த்தபோது வேறோர் உண்மை புலப்பட்டது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த வெண்குளோவர் என்னும் தீவனப்பூண்டை அப்பாத்திகளில் வளர்த்தனர். அதன் வேரிற் கணுக்கள் தோன்றின. ஆனால் பூண்டு செழிக்கவில்லை. காரணம் யாதெனின், நைதரசனைப் பிடிக்கவல்ல பற்றீரிய வகைகள் அம்மண்ணில் மறைந்து, அத்தொழில் அறியாத ஒரு வகையே பிழைத்திருந்தது. பட்டறை இருக்கின்றது, உலை இருக்கின்றது, கொல்லன் மட்டும் தொழில் தெரியாதவன். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு மண்ணும் கறுப்பு, வேரிலும் கணு. குறை எங்கே என்று அவன் எவ்வாறு அறிவான்?

மாசுற்ற மண்ணில் எஞ்சி வாழும் நுண்ணங்கிகளும் நலமாக வாழ்வதில்லை. அவை விடும் காபனீரொட்சைட்டை அளந்தறிந்த ஆராய்ச்சியாளர், அவற்றின் உடல் நிறையோடு ஒப்பிடுகையில் அவை மிகுதியாகச் சுவாசிப்பதைப் பலவிடத்தும் கண்டிருக்கின்றனர். உண்ட உணவின் பெரும்பங்கை உலோகத்தை வெளித்தள்ளவும் உடலைப் பழுதுபார்க்கவும் செலவிடுகின்றன. வளரவும் பெருகவும் மிச்சம் இல்லை. கூலி முழுவதும் வைத்தியருக்கே போய்விட, பிள்ளைகளுக்குச் சோறின்றித் தவிக்கும் தொழிலாளியின் நிலையை இது ஒக்கும். மேலும், நஞ்சைத் தாங்கும் சில இனங்கள் பெருகி, தாங்கமாட்டாத பல இனங்கள் அருகுகின்றன. பற்றீரியங்களினும் பங்கசுகள் பொதுவாக உலோகத்தை அதிகம் பொறுக்கும். பல தொழிலாளர் வாழ்ந்த ஊர், சில தொழில்கள் மட்டும் நடைபெறும் ஊராகச் சுருங்கிவிடுகின்றது. அடுத்தொரு வரட்சியோ வெள்ளமோ வருமாயின், தாங்கி நிற்கும் வலிமை அதற்குக் குறைவு.

இனிக் குவாதியாமார்க் கரைக்குத் திரும்புவோருக்கு அங்கே நிகழ்ந்தது விளங்கும். சேற்றை அகற்றிய இயந்திரங்களின் உருளைகளே சேற்றில் ஒரு பகுதியை மண்ணோடு கலந்து மிதித்துவிட்டன. எஞ்சிய அச்சேறு காற்றுப்பட்டு அமிலத்தை ஈன்றவண்ணம் இருந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண் அமிலத்தைத் தானே தணித்துக்கொண்டது. சுண்ணாம்பு குறைந்த மண்ணோ மேலும் மேலும் புளித்தது. அதிலிருந்து நாகமும் கட்மியமும் நீரிற் கரைந்து வேர்களை எட்டின. அகற்றிய மேல்மண்ணோடு, அதில் வாழ்ந்த பழங்குடிகளும் குழிக்குட் போயின என்பதையும் மறத்தலாகாது.

செவில் நகரத்து விஞ்ஞானிகள் இந்நிலத்திற் பாத்திகள் வகுத்துப் பரிசோதனை நடத்தினர். சீனி ஆலைகளில் பீற்றுக் கிழங்கின் சாற்றைத் தூய்மையாக்கிய பின் கழிக்கப்படும் சுண்ணாம்பைச் சில பாத்திகளுக்கு இட்டனர். சிலவற்றுக்குக் கூட்டெருவை இட்டனர். சிலவற்றை ஒன்றும் இடாது விட்டனர். சுண்ணாம்பு அமிலத்தைத் தணித்தது. அமிலம் தணியவே உலோகங்கள் கரையாது மண்ணோடு ஒட்டிக்கொண்டன. கூட்டெரு, பசித்திருந்த நுண்ணங்கிகளுக்கு உணவாயிற்று. புல்பூண்டுகள் முளைத்து வேரூன்றின. வேரைச் சுற்றி நுண்ணங்கிகள் கூடின. அவற்றின் நிறையும் நொதியங்களின் செயலும், ஒன்றும் இடாத பாத்திகளைக் காட்டிலும் உயர்ந்தன. நிலம் மூச்சுவிடத் தொடங்கிற்று என்று கூறின் அது வெறும் உவமையாகாது; மண்ணிலிருந்து வெளிவரும் மூச்சை உண்மையாகவே அளக்க முடியும்.

ஆயினும் இதனை முழு வெற்றியென்று கூறுதல் இயலாது. உலோகம் மண்ணிலேயே இருக்கின்றது. அடக்கி வைக்கப்பட்டுள்ளதேயன்றி, அகற்றப்படவில்லை. சுண்ணாம்பின் வலி குன்றுமிடத்து அது மீண்டும் தலைதூக்கக்கூடும். ஆதலால் அந்நிலத்தில் விளைவதை மனிதர்க்கும் கால்நடைக்கும் உணவாக்கலாகாது என்று அரசினர் தீர்மானித்தனர். உழுதுண்டு வாழ்ந்தோரின் நிலங்களை விலை கொடுத்து வாங்கி, மரங்களை நட்டு, மலைக்கும் சதுப்பு நிலத்துக்கும் இடையே ஒரு பசும்பாதையை உருவாக்கினர். 2003இல் அது பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே மரங்கள் நிழல் தருகின்றன. பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆனால், தலைமுறை தலைமுறையாக அங்கே கோதுமையும் சூரியகாந்தியும் விளைத்தவன் திரும்பவில்லை. ஓரிரவில் உடைந்த கரை, ஒரு கமத்தொழிலை அவ்விடத்தில் முடித்துவிட்டது.

உலோகமின்றி இக்கால வாழ்வு இல்லை. கலப்பைக்கு இரும்பு வேண்டும். மின்கம்பிக்குச் செம்பு வேண்டும். கூரைத் தகட்டுக்கு நாகப்பூச்சு வேண்டும். ஆகவே, சுரங்கமே ஆகாது என்பது பொருந்தாது. ஆனால் சுரங்கத்தின் கணக்கை எழுதும்போது, எடுத்த உலோகத்தின் விலையை ஒருபக்கத்தில் எழுதுவோர், மறுபக்கத்தில் மண்ணின் உயிரையும் எழுதுதல் வேண்டும். அதற்குச் செய்யத்தக்கன பல. தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, நெடுங்காலம் குவியலாகக் கிடந்து அதன் உயிர் குன்றுமுன் மீளப் பரப்பலாம். பைரைற்றுக் கழிவைக் காற்றும் மழையும் படாது மூடி வைக்கலாம். அணைகளின் அடிநிலத்தை ஆண்டுதோறும் ஆராயலாம். நிலம் திருந்திவிட்டது என்று சான்றிதழ் வழங்குமுன், மேலே முளைத்த புல்லை மட்டும் பாராது, மண்ணின் மூச்சையும் நைத்திரேற்று ஆக்கத்தையும் வேர்க்கணுவின் தொழிலையும் சோதிக்கலாம். வோபேண் பாத்திகளில் வேர்க்கணுவைக் கண்டு நிறைவடைந்திருந்தால், அதன் உள்ளே தொழில் நடைபெறாத குறையை எவரும் அறிந்திருக்கமாட்டார்.

வீடு இடிந்தால் ஓராண்டிற் கட்டலாம். காடு அழிந்தால் ஒரு தலைமுறையில் வளர்க்கலாம். மண்ணின் குடிகள் கலைந்துபோனால், அவை மீண்டும் கூடி, ஒன்றுக்கொன்று துணையாகித் தத்தம் தொழிலைத் தொடங்குவதற்கு எத்தனை காலம் வேண்டும் என்பதை மண் இருந்த நிலையும் கலந்த நஞ்சின் அளவுமே முடிவுசெய்யும். மனிதனின் அவசரம் அங்கே செல்லாது. அவனால் இயல்வது சுண்ணாம்பும் எருவும் இட்டு, வித்தை ஊன்றி, காத்திருத்தல். அதனினும் நன்று, அக்குடிகள் கலையாதவாறு முன்னரே காத்தல்.